தயிர் டப்பாவில் முளைத்த நாற்றுகள் ஏன் சாய்ந்தன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பானஸ்வாடியில் மூன்றாம் மாடி வீடு, தெற்கு பார்த்த பால்கனி. ஜூன் முதல் வாரத்தில் தயிர் டப்பா, முட்டை அட்டை, குறுக்கே வெட்டிய தண்ணீர் பாட்டில், ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா ஆகியவற்றில் தக்காளி விதையும் மிளகாய் விதையும் ஊன்றியிருக்கிறீர்கள். நீர் வடிவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் கூழாங்கல் பரப்பி, ஓர் ஓட்டையும் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் அழகாக முளைத்து, முளைத்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து போய்விட்டன. பிளாஸ்டிக்கில் செடி வராது என்று உங்கள் மாமியார் சொல்கிறார், கடையில் நர்சரித் தட்டு வாங்கிவிடலாம் என்று கணவர் சொல்கிறார், இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்த நான்கு தக்காளி மட்டும் இன்னும் நிற்கின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியில்தான் இருக்கிறது. அதே விதை, அதே மண், அதே பிளாஸ்டிக். அப்படியிருந்தும் அது பிழைத்தது. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது பிளாஸ்டிக் ஆகுமா ஆகாதா என்பதை அல்ல, அந்த ஒரு டப்பாவில் இருந்து மற்றவற்றில் இல்லாமல் போனது எது என்பதைத்தான்.

நான் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்தவன். பிறகு ஓசூர் சாலைப் பக்கம் காய்கறி நாற்றுப் பண்ணை ஒன்றில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது என் வீட்டு மொட்டைமாடியில், சமையலறையில் மிஞ்சும் டப்பாக்களில்தான் நாற்று விடுகிறேன். உங்கள் செடிகளை நேரில் பார்க்காததால் எல்லாவற்றையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உறுதியானதை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. கூழாங்கல் நீரை வடிக்காது. இதை நம்புவது கடினம், ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் செய்கிற காரியம் இது. ஆனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை வைத்து ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம். ஸ்பாஞ்சை நீரில் முக்கி, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். சிறிது நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு, பிழியாமல், அதே ஸ்பாஞ்சை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி நீர் ஒழுகத் தொடங்கும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதன் உயரம் மட்டுமே மாறியது. மண்ணும் இப்படித்தான். எந்தப் பாத்திரத்தில் மண்ணை நிரப்பினாலும், நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை முழு ஈரத்தோடு தங்கிவிடும். அந்தப் பட்டையின் கனத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மை, பாத்திரத்தின் உயரம் அல்ல. 15 செ.மீ. உயரமுள்ள டப்பாவில் அந்தப் பட்டைக்கு மேலே வேர் மூச்சு விடுவதற்கு நிறைய இடம் இருக்கும். 6 செ.மீ. உயரமே உள்ள தயிர் டப்பாவிலோ, நெருக்கமான மண்ணாக இருந்தால், பாதிக்கு மேல் அந்தச் சேற்றுப் பட்டையே நிறைந்துவிடும். அடியில் 2 செ.மீ. கூழாங்கல் போட்டால் பட்டை காணாமல் போவதில்லை. கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, விதைக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. நுண்ணிய இடைவெளி உள்ள மண்ணில் இருக்கும் நீர், அது நிறைந்து வழியும் வரை, கல்லின் பெரிய இடைவெளிக்குள் இறங்குவதில்லை என்பதுதான் காரணம். உங்கள் ஐஸ்கிரீம் டப்பாதான் எல்லாவற்றிலும் உயரம். அதுவும் ஜன்னல் கம்பிமேல், அடியில் காற்றுப் படும்படி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவை தரையில் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருந்தன.

அந்தத் தட்டுதான் எனக்கு அடுத்த சந்தேகத்தைத் தருகிறது. முளைத்த சில நாளில் நாற்று சாய்வதற்கு மிகப் பழகிய காரணம் நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் மண் மட்டத்தில் தண்டைத் தாக்கும். அவ்விடம் நீரில் ஊறியது போலாகி, பின் நூல் கட்டி இறுக்கியது போல மெலிந்து, தலை கனம் தாங்காமல் செடி மடியும். இவற்றில் பித்தியம் பலரும் நினைப்பது போல அசல் பூஞ்சை அல்ல; நீரில் நீந்திப் போகக்கூடிய வித்துகளை விடும் தனி இனம். ஒரே தட்டில் நிற்கும் நீரில் பத்து டப்பாக்கள் காலை நனைத்துக்கொண்டிருந்தால், ஒன்றில் வந்தது மற்ற ஒன்பதுக்கும் போவதற்குத் தனியாக வழி தேட வேண்டியதில்லை. பண்ணையில் ஒரு மூலையில் வட்டமாக நாற்று விழத் தொடங்கினால், அந்த வட்டத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் சேர்த்து அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கு அந்தப் பக்கம் நீர் விடுவதையே நிறுத்திவிடுவோம். மருந்தை அதற்குப் பிறகுதான் யோசிப்போம்.

ஆனால் சாய்ந்த நாற்றெல்லாம் அழுகிய நாற்று அல்ல. வெளிச்சம் போதாமல் வெளுத்து நீண்டு வளரும் நாற்றும் சாயும். இரண்டையும் பிரித்தறிய, விழுந்து கிடக்கும் ஒரு நாற்றை விரல் நுனியால் மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மண்ணைத் தொட்ட இடம் பழுப்பாக, நீர்கோத்து, மேலும் கீழும் உள்ள தண்டைவிட மெலிந்திருந்தால் அழுகல். அந்த இடம் வெள்ளையாக, உறுதியாக இருந்து, தண்டு முழுவதும் ஒரே சீராக மெலிந்து 6, 7 செ.மீ. நீண்டு ஜன்னல் பக்கமாக வளைந்திருந்தால் வெளிச்சக் குறை. தண்டு கத்தரித்தது போல ஒரேயடியாகத் துண்டாகியிருந்தால் புழு அல்லது நத்தை. உங்களுடையவற்றில் முதல் இரண்டும் கலந்திருக்கின்றன என்று நான் ஊகிக்கிறேன். எது எவ்வளவு என்பதை அந்தத் தண்டைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

வெளிச்சக் குறையை நான் சந்தேகிப்பதற்குக் காரணம் உங்கள் பால்கனியின் திசை. பெங்களூர் ஏறக்குறைய 13 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் இங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாத நாட்கள் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும்கூட அது வடக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுவதால், மேலே தளம் மூடிய தெற்குப் பால்கனிக்கு ஒரு பொட்டு நேர் வெயிலும் வராது. தெற்குப் பால்கனி என்றால் வெயில் நிச்சயம் என்று வீடு பார்க்கும்போது சொல்லியிருப்பார்கள். டிசம்பர், ஜனவரிக்கு அது முழு உண்மை, ஜூனுக்கு அல்ல. இதோடு தென்மேற்குப் பருவமழையின் மேகமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊர்களில் சொல்லும் சொல் திறந்த வயலுக்கு ஆனது. பால்கனிக்காரர் ஆடியைத் தேடுவதற்கு முன் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று தேட வேண்டும். மொட்டைமாடிக்குப் போக உங்களுக்கு அனுமதி இருந்தால் அடுத்த முறை அங்கே, மழை நேரடியாக அடிக்காத ஓர் ஓரத்தில் வையுங்கள். இல்லையென்றால் கிழக்கு ஜன்னல் கம்பியே போதும்.

இப்போது மாமியாரின் சொல்லுக்கு வருகிறேன். அது தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதற்குள் பெரிய அனுபவம் இருக்கிறது. அந்தக் காலத்தில் உடைந்த பானையிலும் மண்சட்டியிலும் நாற்று விட்டார்கள். சுட்ட மண்ணின் சுவர் வழியாகவே நீர் கசிந்து ஆவியாகிவிடும். கை தாராளமாக நீர் ஊற்றினாலும் சட்டி அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சுவர் ஒரு சொட்டையும் வெளியே விடாது. மண்சட்டிக்குப் பழகிய கை பிளாஸ்டிக்கில் அதே அளவு ஊற்றினால் செடி சாகத்தான் சாகும். ஆகவே அவர் கண்டது மெய். காரணம் மட்டும் பிளாஸ்டிக்கின் நஞ்சு அல்ல, அதன் அடைத்த சுவர். கணவர் சொல்லும் நர்சரித் தட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பண்ணையில் பயன்படுத்திய 98 குழிகள் கொண்ட தட்டின் குழி உங்கள் தயிர் டப்பாவைவிட ஆழம் குறைந்தது. அதில் நாற்று பிழைப்பது தட்டின் மகிமையால் அல்ல. உள்ளே இருப்பது காற்றோட்டமுள்ள தென்னை நார்த்தூள். குழியின் அடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே காற்று. மேலே நிழல்வலை வழியாக நாள் முழுவதும் வெளிச்சம். இதோடு, தட்டைக் கையில் தூக்கி எடை பார்த்து நீர் விடத் தெரிந்த ஒருவர். தட்டை மட்டும் வாங்கி அதே மண்ணைப் போட்டு அதே இடத்தில் வைத்தால் அதே முடிவுதான் வரும்.

கையில் இருக்கும் டப்பாக்களில் நான் முதலிடம் தருவது அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்கு. மேல் விளிம்பை முழுவதுமாக வெட்டி, உள்ளே கொழுப்புப் பிசுக்கு போகும்படி பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, கீழ் மூலைகள் இரண்டையும் கத்தரிக்கோலால் பட்டாணி அளவு வெட்டிவிட்டால், நர்சரியில் காசு கொடுத்து வாங்கும் பைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. இரண்டும் ஒரே பாலிதீன் குடும்பம். நல்ல ஆழம் கிடைக்கிறது. நடும்போது பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் எடுத்துவிடலாம். பாகல், பீர்க்கு, புடலை, வெள்ளரி ஆகியவற்றின் வேர் தொந்தரவைத் தாங்காது என்பதால், அவற்றுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. தனியாக நிற்காது என்பது ஒன்றே குறை. நாலைந்தை நெருக்கமாக ஒரு பழைய கூடையில் அடுக்கிவிட்டால் அதுவும் தீர்ந்தது.

தயிர் டப்பா தக்காளிக்கும் கத்தரிக்கும் போதும், ஆனால் ஓர் ஓட்டை போதாது. அடியில் ஐந்து, சுவரின் கீழ் விளிம்பில் இரண்டு, ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு. காய்ச்சிய கம்பியால் போடுங்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்காமல் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இரண்டு குச்சிகளின் மேல் டப்பாவை நிறுத்தினால் ஓட்டைகள் அடைபடாது. முட்டை அட்டையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது நீரைக் குடித்துப் பக்கத்துக் குழிக்குக் கடத்தும், வெயிலில் ஒரே மதியத்தில் காய்ந்துபோகும், மழைநாளில் பூசணம் பிடிக்கும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவதை இளம் வேர் தாங்காது. முட்டை ஓட்டில் நாற்று விடுவது படத்தில் அழகாக இருக்கிறது. ஓட்டில் உள்ள சுண்ணாம்பு அந்த மூன்று வாரத்தில் செடிக்கு எட்டுவதில்லை, வேருக்கு இடமும் இல்லை. வெட்டிய தண்ணீர் பாட்டில் ஆழத்தில் நல்லது. ஒளி ஊடுருவுவதால் உள்சுவரில் பாசி படியும், வேர் வெளிச்சத்தை விட்டு விலகும். ஒரு சுற்று செய்தித்தாள் கட்டிவிட்டால் போதும். கொட்டாங்கச்சியின் மூன்று கண்களில் ஒன்று மிருதுவாக இருக்கும், அதைக் குத்தினால் நீர் வடியும் வழி ஆயிற்று. கீரைக்கு அது மிக நல்ல கலம். தகரம் வெயிலில் சுடும் என்பதால் ஜன்னலின் உள்பக்கத்துக்கு மட்டும். பெயின்ட், பூச்சிமருந்து, கழிவறை திரவம் இருந்த எதையும் எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது செடிக்குள் ஏறுமா என்ற கவலைக்கு, என் அறிவு எல்லைக்குள் நின்று இப்படிச் சொல்வேன். உணவு வந்த டப்பாவில் மூன்று நான்கு வாரம் மட்டுமே நாற்று இருக்கப் போகிறது. பிறகு அது வேறு மண்ணுக்குப் போய்விடுகிறது. அந்தக் குறுகிய காலத்துக்காக நான் அஞ்சுவதில்லை, என் வீட்டிலும் அப்படியே செய்கிறேன். ஆனால் அதே டப்பாவில் ஆண்டுக் கணக்கில் செடி வளர்ப்பது வேறு விஷயம். வெயில் பட்டுப் பட்டு அந்த மெல்லிய பிளாஸ்டிக் மொறுமொறுவென்றாகி, கைபட்டதும் துகளாக மண்ணில் உதிர்வதை நானே பார்த்திருக்கிறேன். தொட்டால் விரிசல் விடும் நிலைக்கு வந்ததும் கழுவி உலர் கழிவில் போட்டுவிடுங்கள்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. பெங்களூரின் செம்மண் தரையில் அருமையானது; சிறு டப்பாவில் தனியாக நிரப்பினால் களிமண் பங்கால் இறுகி, அந்தச் சேற்றுப் பட்டையைக் கனமாக்கும். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு போதும். கடையில் கிடைக்கும் 650 கிராம் நார்க்கட்டி ஊறினால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும். அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், நீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். உங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், கடைசி அலசலுக்காவது காவிரி நீரையோ மழைநீரையோ பயன்படுத்துவது நல்லது. பாதி மக்கிய சமையலறைக் கழிவை நாற்றுக்குப் போடவே கூடாது. முதல் இரு வித்திலைகளுக்குப் பிறகு அசல் இலை வரும் வரை விதைக்குள் இருக்கும் உணவே செடிக்குப் போதும்.

நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊன்றுவதற்கு முன்னால் விதையோடு கலந்தால் அது நாற்றழுகலைத் தடுக்க உதவும். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வேளாண் பரிந்துரை, உங்கள் இருபது விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். விழுந்த நாற்றை அது எழுப்பாது. மஞ்சள்தூளும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவச் சொல்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் நுண்ணுயிரைத் தடுக்கும் தன்மை இருக்கிறது. ஆனால் ஈரம் குறையாத டப்பாவில் அவை நாற்றைக் காப்பாற்றியதை என் அனுபவத்தில் பார்க்கவில்லை, ஈரம் குறைந்த டப்பாவில் அவை தேவைப்படவுமில்லை. விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் மருந்து தடவியது என்று பொருள். ஊன்றியதும் கையைக் கழுவிவிடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மீதி விதைகளை இப்படி ஊன்றுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம், அதற்கு மேல் வேண்டாம். முளைக்கும் வரை ஓட்டல் பார்சலின் ஒளி ஊடுருவும் மூடியைக் கவிழ்த்து வைக்கலாம், முதல் முளை தலைகாட்டிய அன்றே அதை எடுத்துவிட வேண்டும். மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, பீன்ஸ் ஆகியவற்றை டப்பாவில் முளைக்கவைத்து மாற்றி நட வேண்டாம். வளரப் போகும் தொட்டியிலேயே நேராகப் போடுங்கள். நீரை மேலிருந்து ஊற்றாமல், டப்பாவை ஒரு விரற்கடை நீருள்ள தட்டில் கால் மணி நேரம் வைத்து, மேல்மண் நிறம் கறுத்ததும் எடுத்து, தட்டில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அன்றைக்கு அந்த டப்பாவைக் கையில் தூக்கி அதன் கனத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கண்கூடாக இலேசாகும் வரை மறுபடி நீர் வேண்டாம். மழைக்காலத்தில் அதற்கு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும்.

பிழைத்திருக்கும் நான்கு தக்காளியை இப்போதே காப்பாற்றிவிடலாம். அவையும் ஒளிக்காக நீண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அசல் இலை நான்கு வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பால் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள், இலை கிழிந்தால் வேறு வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். நடும்போது வித்திலை வரை தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். புதைந்த தண்டு முழுவதும் தக்காளி வேர் விடும். மிளகாய்க்கு இதைச் செய்யாதீர்கள், பழைய மண் மட்டத்திலேயே நடுங்கள். இரண்டு நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலில் முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்கிவிட்டுப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோங்கள். சாய்ந்த நாற்றின் தண்டை மேலே சொன்னபடி பார்த்துவிட்டு, மண் மட்டத்தில் அது எப்படி இருந்தது என்று எழுதினால், அழுகலா வெளிச்சக் குறையா என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.